மலைமேல் கலங்கரை விளக்கம்

அட்டையம்மா இதுவரை போய்ப் பார்த்துவிட்டு வந்த வெளியூர்களை எண்ணினால் ஒரு விரல்கூட மடங்காது. போகத் திட்டம் போட்ட ஊர்களை எண்ண ஆரம்பித்தாலோ பக்கத்து வீட்டுக்காரர்களின் விரல்களையும் இரவல் வாங்க வேண்டியிருக்கும். எல்லாம் அவள் பார்த்த வேலையால் வந்த வினை.

பொது நூலகத்தின் பின்பக்க அறையில், ஜெராக்ஸ் மெஷினுக்கும் கால் உடைந்த நாற்காலிகளுக்கும் நடுவில் அவளுக்கு ஒரு மேஜை. வாசகர்கள் கிழித்து, நனைத்து, பிரித்துப்போட்டுத் திருப்பித் தரும் புத்தகங்களைத் தைத்து, பசை தடவி, புது அட்டை போட்டு அலமாரிக்கு அனுப்புவதுதான் வேலை. 'பைண்டிங் பிரிவு' என்று கதவில் பலகை இருந்தது. பிரிவு என்றால் அவள் ஒருத்திதான். அதனால்தான் அட்டையம்மா என்று பேர்.

பசை காய நாற்பது நிமிஷம் ஆகும். அந்த நாற்பது நிமிஷம் சும்மா இருக்க முடியுமா? படிப்பாள். மழைக்காலத்தில் பசை காய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் மழைக்காலத்தில் அவள் போடும் திட்டங்கள் கொஞ்சம் பெரிதாக இருக்கும்.

பனிப்பிரதேசத்தில் நாய் இழுக்கும் வண்டியில் போன ஒருவரின் புத்தகம் முதுகு பிய்ந்து வந்தது. அதைத் தைத்து முடித்த மறுநாளே தெருநாய்க்கு 'நில்', 'இழு', 'திரும்பு' என்று பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டாள். நாலு நாள் பொறுத்துப் பார்த்த நாய் அடுத்த தெருவுக்குக் குடிபோய்விட்டது. அப்புறம் ஒரு பெரிய ஓவியப் புத்தகம் வந்தது. மஞ்சள் வெயிலில் படகுகள், மஞ்சள் வெயிலில் வீடுகள். வீட்டுக்கு வந்து சமையலறைக் கதவுக்கு மஞ்சள் அடித்தாள். பாதியில் பெயின்ட் தீர்ந்தது, அதற்குள் வேறு புத்தகம் வந்துவிட்டது. ரேடியோவில் வயலின் கேட்டுவிட்டு வயலின் வகுப்பில் சேர்ந்த கதையும் உண்டு. மூன்றாவது நாள் ஆசிரியர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா, நீங்க கேக்கறது ரொம்ப நல்லா கேக்கறீங்க. அதையே பண்ணுங்களேன்" என்று சொல்லிவிட்டார். அவளுக்கு அது பாராட்டாகத்தான் பட்டது. நான் என்னத்தைச் சொல்ல!

எந்தத் திட்டமானாலும் கடைசியில் ஒரு பயணத்தில் போய் முடியும். எந்தப் பயணமானாலும் வீட்டுக்காரரிடம் போய் முடியும். அவர் பதினாலாம் நம்பர் பஸ் டிரைவர். பஸ் நிலையத்திலிருந்து சோப்புத் தொழிற்சாலை, சோப்புத் தொழிற்சாலையிலிருந்து பஸ் நிலையம். ஒரு நாளைக்கு எட்டு நடை, இருபத்திரண்டு வருஷம்.

"நான் தெனம் எட்டு தடவை பயணம் போறேன். லீவு நாள்லயும் பயணமா? தச்சன லீவு நாள்ல மேஜை செய்யச் சொல்லுவியா?" என்பார்.

இதற்கு என்ன பதில் சொல்வது என்று அட்டையம்மா இருபத்திரண்டு வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தாள். நானும் யோசித்துப் பார்த்தேன், எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மனிதர் கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு தடவை ஏமாந்தால் போதும், ஜென்மத்துக்கும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். ஒருமுறை ஒரு டீக்கடையில் தவறிப்போய்ச் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பதினெட்டு வருஷமாக அவர் அந்தத் தெருவிலேயே கால் வைப்பதில்லை. முடிவெட்டக் கடைக்குப் போக மூன்று தெரு சுற்றிப் போகிறார். டீக்கடை மூடிப் பத்து வருஷம் ஆகிறது. அதைச் சொன்னாலும், "தெரு இருக்குல்ல?" என்பார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த வருஷ மழையில் நூலகக் கூரை ஒழுகிப் பயணப் புத்தக அலமாரி தொப்பலாக நனைந்தது. தண்ணீர் சொட்டச் சொட்ட இரண்டு புத்தகங்கள் அட்டையம்மாவின் மேஜைக்கு வந்தன. ஒன்றுக்குப் பச்சை அட்டை, ஒன்றுக்கு நீல அட்டை. பச்சை, ஏரியைச் சுற்றி எழும்பிய ஒரு மலையூரைப் பற்றியது. நீலம், ஒரு துறைமுக ஊரைப் பற்றியது. இரண்டையும் எழுதியவர் ஒருவரே. அளவு ஒன்று, தாள் ஒன்று, எழுத்து ஒன்று, பக்கங்களும் கிட்டத்தட்ட ஒன்று. அந்த எழுத்தாளருக்கு ஊர்ப் பெயரை முதல் பக்கத்தில் ஒரு தடவை சொன்னால் போதும். அதற்கப்புறம் கடைசிவரை 'ஊர்', 'ஊர்' என்றே எழுதிக்கொண்டு போவார்.

இரண்டையும் பிரித்து, கொடியில் துணி போடுவதுபோலத் தாள்களைக் காயப்போட்டு, திரும்பத் தைக்க உட்கார்ந்தாள். ஒரு நேரத்தில் ஒரு புத்தகம்தான் மேஜைமேல் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் முதல் விதி. அதைச் சிவப்பு மையில் எழுதிச் சுவரில் ஒட்டியவளே அவள்தான். ஆனால் அன்றைக்கு மேஜைமேல் இரண்டும் இருந்தன, ரேடியோவில் வயலினும் இருந்தது. வயலின் கேட்டால் அவளுக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். மனசு கப்பல் ஏறிப் போய்விட்டது, கை மட்டும் மேஜையில் வேலை பார்த்தது. பச்சையின் முதல் பாதியோடு நீலத்தின் பின்பாதியையும், நீலத்தின் முதல் பாதியோடு பச்சையின் பின்பாதியையும் அந்தக் கை அழகாகச் சேர்த்துத் தைத்துவிட்டது.

தைத்தபின் பக்க எண்களைச் சரிபார்த்தாள். அதில் குறைசொல்ல முடியாது. தொண்ணூற்று ஆறு, தொண்ணூற்று ஏழு, தொண்ணூற்று எட்டு. எண் சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று நினைப்பது பைண்டிங்காரர்களுக்கே உள்ள வியாதி.

தைத்துப் பசை தடவிய புத்தகத்தை இரண்டு நாள் அழுத்தத்தில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அட்டை வளைந்துகொள்ளும். நூலகத்து இரும்பு அழுத்தியின் திருகாணி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. ஆனால் வீட்டில் வேறு ஒரு ஏற்பாடு இருந்தது. இருபத்திரண்டு வருஷம் ஒரு கோழிக்குஞ்சைக்கூட இடிக்காமல் வண்டி ஓட்டிய மனிதர், நின்றுகொண்டிருந்த பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படியில் கால் பிசகிக் கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். எடை எண்பத்தாறு கிலோ.

"புரளாதீங்க, புத்தகம் காயுது" என்று சொல்லி முதலில் நீலத்தை மெத்தைக்குக் கீழே அவர் முதுகுக்கு நேராகச் செருகினாள். இரண்டு நாளில் அது இஸ்திரி போட்டதுபோல் ஆனது. அதை எடுத்து நூலகத்தில் சேர்த்துவிட்டு, பச்சையைச் செருகினாள்.

பச்சை குத்தியதோ, படுத்துப் படுத்து அலுத்துத்தான் போனதோ, மூன்றாம் நாள் அவர் அதை உருவி எடுத்தார். முதல் பக்கத்தைப் பிரித்தார். ஸ்டாப் பெயர்ப் பலகையைத் தவிர வேறு எதையும் வாசித்துப் பழகாத மனிதர், வரிக்கு வரி விரல் வைத்து வாசித்தார். அட்டையம்மா வேலையிலிருந்து திரும்பும்போதெல்லாம் விரல் இருபத்தைந்து பக்கம் முன்னேறியிருந்தது. அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். எதுவும் கேட்கவில்லை. கேட்டால் மூடி வைத்துவிடுவாரோ என்று பயம்.

ஆறாம் நாள் சாப்பிடும்போது அவரே பேச்சை எடுத்தார். "இங்க பாரு, இந்த மனுஷன் எப்படி எழுதியிருக்கான்னு. கேளு." தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"'கடைத்தெருவைத் தாண்டி ஏரிக்கரையோடு நடந்தேன். அந்த வளைவில் திரும்பியதும், எதிரே கலங்கரை விளக்கம் நின்றது. அதன் அடியில் சிவப்புப் படிக்கட்டு வைத்த ஒரு வீடு. மணி நான்கு. மாடியில் யாரோ வயலின் வாசித்தார்கள். நின்று கேட்டேன். எங்கே போகக் கிளம்பினேன் என்பதே மறந்துவிட்டது.'"

பரிமாறிக்கொண்டிருந்த கரண்டி அட்டையம்மாவின் கையில் அப்படியே நின்றது. அந்த வளைவில் திரும்பினால் மரப்பாலம் அல்லவா வர வேண்டும்? அவள்தான் இரண்டையும் படித்தவளாயிற்றே. தொண்ணூற்று ஆறு முடிந்து தொண்ணூற்று ஏழு ஆரம்பிக்கும் இடம் என்று பார்க்காமலே தெரிந்தது.

"மலையில லைட் ஹவுஸா?" என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள்.

"ஏரி இருக்குல்ல? ஏரின்னா படகு. படகுன்னா வெளிச்சம் வேணாமா? பாறையில முட்டிக்கும்ல? இதெல்லாம் வண்டி ஓட்டறவனுக்குத்தான் புரியும்" என்று அடித்துச் சொன்னார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, "லீவு எழுதிக் குடுத்துட்டேன். வியாழக்கிழமை கட்டுப் பிரிக்கிறாங்க. வெள்ளிக்கிழமை காலைல ரயிலு. எங்க பஸ் கண்டக்டர்கிட்ட சொல்லி ரெண்டு டிக்கெட் எடுத்தாச்சு" என்றார்.

"ரெண்டா?"

"பின்ன, உன்னை விட்டுட்டா போவேன்? எனக்கு அந்த வயலினைக் கேக்கணும். இருபத்திரண்டு வருஷமா ஹாரனைத் தவிர என்னத்தைக் கேட்டேன்?"

மறுநாள் காலை அட்டையம்மா நூலகத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். நீல அட்டைப் புத்தகம் அலமாரியில் இல்லை.

"அதுவா? பல் டாக்டர் எடுத்துட்டுப் போயிட்டாரே. குடும்பத்தோட கடற்கரைக்குப் போறாராம். அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் சுத்தப் போறேன்னு சொன்னாரு" என்றார் நூலகர் அம்மா.

ஆக, திருத்தித் தைக்க வழியில்லை. அட்டையம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்து இன்னும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

வாய் திறந்து உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும்? டிக்கெட் ரத்தாகும். அதுகூடப் பரவாயில்லை. அப்புறம் அந்த மனிதர் ஜென்மத்துக்கும் ஒரு புத்தகத்தைத் தொட மாட்டார், ஒரு ரயிலில் ஏற மாட்டார். உப்பு டீயோடு இதுவும் சேர்ந்துகொள்ளும். இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாகத் திறந்த கதவு அது. அதைத் தன் கையாலேயே சாத்த அவளுக்கு மனசு வரவில்லை. வாயை மூடிக்கொண்டாள்.

ரயிலில் அவர் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு வழி முழுக்க இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். "வளைவுல இவ்வளவு வேகம் எதுக்கு?" என்று டிரைவரைத் திட்டினார். மலையில் இறங்கியதும் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டார். பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றுபோன கடிகாரம் என்றிருந்தது. கடிகாரம் அங்கேயே நின்றுபோயிருந்தது. நாற்பதாம் பக்கத்தில் ஒரு ரொட்டிக்கடை, வாசலில் தூங்கும் பூனை. பூனை வேறாக இருக்கலாம், தூக்கம் அதேதான்.

"பாத்தியா? அச்சுப் பிசகாம சொல்லியிருக்கான். எங்க டிப்போவுல ஒருத்தன் இப்படி ரூட் எழுதித் தருவானா?"

ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க அட்டையம்மாவுக்குக் கலக்கம் கூடியது. மலையூரில் மூடுபனி அடிக்கடி வரும் என்று கேள்விப்பட்டிருந்தாள். வரட்டும், வந்து எல்லாவற்றையும் மறைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். அன்றைக்கென்று வெயில் பளிச்சென்று அடித்தது.

இரண்டாம் நாள் கடைத்தெருவைத் தாண்டினார்கள். ஏரிக்கரையோடு நடந்தார்கள். அந்த வளைவில் திரும்பினார்கள். எதிரே ஒரு மரப்பாலம், அதற்கப்பால் மரங்கள்.

அவர் பக்கத்தைப் பார்த்தார். பாலத்தைப் பார்த்தார். மறுபடி பக்கத்தைப் பார்த்தார்.

"வளைவு தப்பு போல" என்றார்.

அட்டையம்மா பேந்தப் பேந்த விழித்தாள். இப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்குள் அவர் பக்கத்து டீக்கடைக்குள் போய்விட்டார். "லைட் ஹவுஸுக்கு எப்படிப் போகணும்?"

ஊர் சுற்ற வருபவர்களை நம்பிப் பிழைக்கும் ஊர்க்காரர்களிடம் ஒரு குணம் உண்டு. எது கேட்டாலும் இல்லை என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். டீக்கடைக்காரர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "லைட் ஹவுஸா? மேல போயி வலது பக்கம் திரும்புங்க" என்றார்.

மேலே போய் வலது பக்கம் திரும்பினால் ஒரு மரம் அறுக்கும் பட்டறை. வாசனை ஆளைத் தூக்கியது. சுருள் சுருளாக விழும் மரச்சீவலைப் பார்த்துக்கொண்டு இருவரும் கால் மணி நேரம் நின்றுவிட்டார்கள். பட்டறைக்காரர், "அது ஏரிக்கு அந்தப் பக்கம் சார்" என்று கை காட்டினார். ஏரிக்கு அந்தப் பக்கம் போனால் குதிரைக் கொட்டில். அங்கே நின்ற போலீஸ்காரர் ஒரு படி மேலே போய், "ரிப்பேர்ல இருக்கு. திங்கக்கிழமைதான் திறப்பாங்க" என்றார். போஸ்ட் கார்டு விற்பவரோ எல்லோரையும் மிஞ்சிவிட்டார். கலங்கரை விளக்கம் படம் போட்ட கார்டையே எடுத்து நீட்டினார்.

வீட்டுக்காரர் அதை உற்றுப் பார்த்தார். "இதுல பின்னாடி கடல் இருக்கே?"

"போன சீசன்ல எடுத்த போட்டோ சார்" என்றார் விற்பவர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

நாலு மணிக்கு ஒரு சந்தில் பாதி இறக்கிய ஷட்டருக்குள்ளிருந்து சத்தம் வந்தது. குனிந்து பார்த்தால் முடிதிருத்துபவர் ஒருவர், ஆள் வராத நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து டிரம்பெட் ஊதிக்கொண்டிருந்தார். பாதி சுரம் சறுக்கி விழுந்தது. வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு முடியும்வரை நின்று கேட்டார். "வயலின் இல்ல. பரவால்ல" என்று மூச்சை இழுத்து விட்டார்.

மூன்றாம் நாளும் இதே கதை. ஏரிக்கரையில் ஒரு பெண் கால்மேல் துணி விரித்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். ஏரி, மரங்கள், பாலம். அவளிடமும் கேட்டார். அவள் தன் படத்தையும் ஏரியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இங்க ஒண்ணு இருந்தா நல்லாத்தான் இருக்கும்ல?" என்று சொல்லிவிட்டு, பாலத்துக்குப் பக்கத்தில் வெள்ளையாக உயரமாக ஒன்றை வரைந்து, உச்சியில் ஒரு மஞ்சள் புள்ளி வைத்தாள். அவரோ, "அதான! அங்கதான் இருக்கணும்" என்று தலையாட்டினார்.

சாயங்காலம் ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவர் செருப்பைக் கழற்றினார். கட்டுப் பிரித்து ஒரு வாரம்கூட ஆகாத கால், வீங்கிப் பளபளத்தது. அதைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"அந்த மனுஷன் மத்த எல்லாத்தையும் சரியா சொல்லியிருக்கான். இதுல மட்டும் பொய் சொல்லுவானா? நமக்குத்தான் பாக்கத் தெரியல. படிச்சுப் பழக்கம் இல்லாதவன் நான், என் புத்திக்கு எட்டல போலிருக்கு."

அட்டையம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. வேறு என்ன சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பாள். கண் நிறைந்துவிட்டது.

"என்னங்க... இந்த ஊர்ல லைட் ஹவுஸ் இல்ல."

"என்ன?"

"தொண்ணூத்தாறு வரைக்கும்தான் இந்த ஊரு. அதுக்கப்புறம் வேற ஊரு. துறைமுகம். நான்தான் மாத்தித் தைச்சிட்டேன். நீங்க டிக்கெட் எடுத்த அன்னைக்கே தெரியும். சொன்னா நீங்க வர மாட்டீங்க. அதான் சொல்லல."

அவர் புத்தகத்தைப் பிரித்தார். தொண்ணூற்று ஆறுக்கும் தொண்ணூற்று ஏழுக்கும் நடுவில், தையல் நூல் ஓடும் பள்ளத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். அட்டையம்மா அவர் முகத்தையே பார்த்தாள். உப்பு டீத் தெருவில் கால் வைக்காத மனிதரின் அந்த முகத்துக்காகக் காத்திருந்தாள்.

"அப்ப அந்த இன்னொரு பாதி?"

"பல் டாக்டர்கிட்ட. கடற்கரைக்குப் போயிருக்காரு."

"அங்க என்ன தேடுவாரு?"

"மரப்பாலம்" என்றாள் ஈன சுரத்தில். "அப்புறம் குதிரைக் கொட்டில்."

முதலில் அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறிப்போனாள். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஏரியில் இருந்த வாத்துகள் எழுந்து பறக்கிற மாதிரி சிரித்தார். "கடல் மணல்ல குதிரைக் கொட்டில் எங்கன்னு கேட்டுட்டு நிப்பாருடி! பொண்டாட்டி புள்ளைங்கள வேற கூட்டிட்டு!" அவள் பயம் தெளியாமலே சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கு சாயங்காலம்தான ரயிலு?"

"ஆமா."

"அப்ப ரயில் ஏறினப்புறம் சொல்லியிருக்கக் கூடாதா? இன்னும் முழுசா ஒரு நாள் இருக்கே."

அவளுக்குப் புரியவில்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். வீங்கின கால் உள்ளே போக மறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நுழைத்தார். குடையை ஊன்றிக்கொண்டு ஒரு பெரியவர் அந்த வழியாக வந்தார். வீட்டுக்காரர் நொண்டிக்கொண்டே போய் பெரியவரை மறித்தார்.

"ஐயா, லைட் ஹவுஸுக்கு எந்தப் பக்கம் போகணும்?"

பெரியவர் நின்று நிதானமாக யோசித்தார். குடையைத் தூக்கி இடது பக்கம் நீட்டினார்.

"இடது பக்கம்னு சொல்றாரு" என்றார் வீட்டுக்காரர், திரும்பிப் பார்த்து. "என்ன உக்காந்துட்ட? எந்திரி, போலாம்."